சுண்ணாம்பு வீசும் நாயகன்

வெய் ஷியாவ்பாவைக் கொள்கையில்லாதவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது. பொய்யன், சூதாடி, வாயைத் திறந்தால் வசவு, எழுதப் படிக்கத் தெரியாதவன், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கொள்கையில்லாதவன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங், தாம் நடத்திய 'மிங் பாவ்' நாளிதழில் 1969 முதல் 1972 வரை தொடராக எழுதிய 'மானும் கொப்பரையும்' நாவலின் நாயகன் இவன். சீனாவின் யாங்சோ நகரத்து விலைமாதர் விடுதியில் பிறந்தவன். அப்பன் யாரென்று தாய்க்கே தெரியாது. வாள்வீரர்களின் கதையில் வாள் பிடிக்கவே தெரியாத பையன்!

தொடக்கத்தில் ஒரு சண்டை. கூட வந்த மாவ் ஷிபா என்ற முரட்டு வீரன் உயிருக்குப் போராடும்போது, பையன் எதிரியின் கண்ணில் சுண்ணாம்புத் தூளை வீசுகிறான். பிழைத்த மாவ் நன்றி சொல்லவில்லை. இது கேவலமான வேலை என்று எரிந்து விழுகிறான். கத்தியால் கொன்றாலும் கொலைதானே, சுண்ணாம்பால் கொன்றால் மட்டும் என்ன குறைச்சல் என்று மடக்குகிறான் பையன். அந்த ஒரு கேள்வியில் வீரமரபின் போலி கௌரவம் முழுவதும் ஆட்டம் காண்கிறது. பிறகு அரண்மனையில் ஓபோய் என்ற பலசாலி அமைச்சனை வீழ்த்துவதும் ஊதுபத்திக் கிண்ணத்துச் சாம்பலால்தான். திருந்துகிற ஆளா அவன்?

ஆனால் கதைசொல்லிகளிடம் காது கொடுத்து அவன் கற்ற பாடம் ஒன்று உண்டு: நண்பனை விற்கக் கூடாது. சீனாவை ஆண்ட மஞ்சூ இனத்துப் பேரரசர் காங்ஷி அவனுடைய மல்யுத்தத் தோழர். மஞ்சூக்களைக் கவிழ்க்கத் துடிக்கும் ரகசியச் சங்கத்தின் தலைவர் சென் ஜின்னான் அவனுடைய குரு. சங்கத்தார் கூடியிருக்கும் வீட்டைப் பீரங்கியால் தகர்க்க அரசர் ஏற்பாடு செய்தபோது, பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு எச்சரிக்க ஓடுகிறான். அரசரைக் கொல்லச் சொன்னால் அதற்கும் மறுக்கிறான். கடைசியில் இரண்டு தரப்பும் நெருக்க, குடும்பத்தோடு காணாமல் போகிறான். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் இரண்டு பேருக்கும் உண்மையாக இருந்து பார்க்கட்டும்.

ஏழு மனைவியர் விஷயத்தில்தான் என்னால் அவனுக்கு வக்காலத்து வாங்க முடியவில்லை. யாங்சோ விடுதியில் மயக்க மருந்தில் கிடக்கும் பெண்களிடம் அவன் நடந்துகொள்வதை ஜின் யோங் நகைச்சுவையாகவே எழுதிச் செல்கிறார். எனக்கு அந்த அத்தியாயத்தில் ஒரு வரிக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.