அழாதீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க

அம்மா தவறிய அன்று, பெரம்பூர் வீட்டு ஹாலில் ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சபையில் எங்களுக்கு நெருக்கமான ஒருவர் வந்து அவர் தோளைப் பிடித்துச் சொன்னார்:

"அண்ணே, அழக் கூடாது. அண்ணி பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க. நாமளே அழுதா நம்ம சாட்சி என்னாகும்?"

அப்பா கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் பெட்டியை இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டு முடிக்கும்வரை அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு ராத்திரி, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தை மீறி எனக்குக் கேட்டது.

சொன்னவர் நல்ல மனுஷர். காலையிலிருந்து சாமியானாவுக்கும் வேனுக்கும் ஓடியவர் அவர்தான். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் அந்தப் பேச்சின்மேல் ரொம்ப நாளாக மனத்தாங்கல் உண்டு. இழவு வீட்டில் கிறிஸ்தவர்கள் நாம் இதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! பரலோகத்தைப் பற்றி வேதம் சொல்வது இதைவிடப் பெரியது, இதைவிட இளகிய மனசுள்ளது. நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒன்றரை வருஷத்தைக் கடந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

தெசலோனிக்கேயாவில் இருந்த சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய வசனத்தை அடக்க ஆராதனையில் கேட்டிருப்பீர்கள். நித்திரையடைந்தவர்களுக்காக, அதாவது மரித்தவர்களுக்காக, "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத்" துக்கிக்க வேண்டாம் என்கிறார். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நாம்தான் பாதி வசனத்தை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு இழவு வீட்டுக்குப் போகிறோம். பெத்தானியாவில் லாசரு செத்து நாலு நாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும், அவன் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்துக் கலங்கிக் கண்ணீர் விட்டார். "சும்மா இரு, உன் தம்பி இப்ப வந்துடுவான்" என்று அவர் அவளை அடக்கவில்லை. அவரே அழுத இடத்தில், அழாதே என்று எங்கள் அப்பாவைச் சொல்ல நாம் யார்?

அம்மாவுக்குக் கடைசி நாலு வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். ரத்தக்குழாய்கள் இரண்டை உள்ளே இணைத்துவிடுவார்கள். நாளாக ஆக அந்த இடம் கயிறு முறுக்கியதுபோலப் புடைத்துக்கொள்ளும். மேலே விரலை வைத்தால் உள்ளே மின்சாரம் ஓடுவதுபோல 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு தெரியும். அது இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாதான் பார்ப்பார். காபி ஆற்றுவதற்கு முன்னால் அம்மா கையைப் பிடித்து, கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "ஓடுது" என்பார். அப்புறம்தான் மற்ற வேலை. அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுப் பழகிய அம்மா, நாலு வருஷம் இடது கையை மொட்டையாகவே வைத்திருந்தார்.

அம்மா போன அன்று விடியற்காலை அப்பா வழக்கம்போல அந்தக் கையைப் பிடித்தார். கட்டைவிரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லாரும் "ஆத்துமா கர்த்தர்கிட்ட போயிடுச்சு" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் என் மனசு அந்தக் கையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஆத்துமா பத்திரம் என்றால் சரி, அந்தக் கை என்ன ஆகும்? நாலு வருஷம் ஊசி தாங்கிய கையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டோமே என்றிருந்தது.

பதில் எங்கள் ஊரிலேயே இருந்தது. நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபை. ஆனாலும் சின்ன வயசிலிருந்து சாந்தோம், பரங்கிமலை கத்தோலிக்கக் கோவில்களுக்குப் போய்வருகிற குடும்பம். கி.பி. 72-இல் இயேசுவின் சீஷனான தோமா பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், சாந்தோமில் அடக்கம்பண்ணப்பட்டார் என்பது இங்குள்ள மரபு. இயேசு உயிர்த்ததை உடனே நம்பாததால் அவரைச் 'சந்தேகத் தோமா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பரலோகத்தைப் பற்றி நாம் கேட்க நினைக்கிற கேள்வியை நேருக்கு நேர் கேட்டவரே அவர்தான். சிலுவைக்கு முந்தின ராத்திரி, "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்று இயேசு சொல்கிறார். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோமா மட்டும், "நீர் போகிற இடத்தை அறியோமே, வழியை நாங்கள் எப்படி அறிவோம்" என்கிறார். இயேசு இடத்தை வர்ணிக்கவில்லை, அடையாளம் சொல்லவில்லை. "நானே வழி" என்றார். தெரியாத ஊருக்கு முதல்முறை போகிற பிள்ளைக்கு முகவரி எழுதிக் கொடுப்பது ஒன்று. "நான் ஸ்டேஷனுக்கே வந்துடறேன்" என்பது வேறு. அம்மாவை நினைக்கும்போது எனக்குப் பொன் வீதியும் முத்து வாசலும் ஞாபகத்துக்கு வருவதில்லை. அவர் நம்பியவர் வாசலிலேயே நிற்கிறார் என்பது போதுமானதாக இருக்கிறது.

இயேசு உயிர்த்தெழுந்து எட்டு நாள் கழித்து, அவருடைய காயத்தைத் தொட்டுப் பார்க்க அழைக்கப்பட்டதும் இதே தோமாதான். என் கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்தது. உயிர்த்த உடம்பில் ஆணித் தழும்பு இருந்தது, ஆனால் அது இனி வலிக்கிற காயம் இல்லை. கிறிஸ்தவ நம்பிக்கை ஆத்துமாவைக் காப்பாற்றிவிட்டு உடம்பைத் தூக்கிப்போடுகிற நம்பிக்கை கிடையாது. "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அதில் அம்மாவின் இடது கையும் அடக்கம். இது புரிந்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது. செமிட்டரி என்கிற வார்த்தையே கிரேக்கத்தில் தூங்கும் இடம் என்ற பொருளில் பிறந்ததுதான்.

என் இந்து நண்பன் ஒருத்தன் உரிமையோடு கேட்டான். "டேய், இதெல்லாம் மனசைத் தேத்திக்கறதுக்குத்தானே?" நியாயமான கேள்வி. பவுலே அதைக் கேட்டுவிட்டார். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், எல்லாரையும்விடப் பரிதாபமானவர்கள் நாம்தான் என்று கொரிந்து சபைக்கு எழுதினார். ஆறுதலுக்காகச் சொல்லிவைத்த கதையென்றால் அது கதையாகவே போகட்டும் என்ற துணிச்சல் அது. நான் நம்புவது அந்தக் காலிக் கல்லறையை. ஆறுதல் அதற்குப் பின்னால் வருகிறது.

ஒவ்வொரு துக்கத்துக்கும் ஒவ்வொரு வசனம். எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் இருக்கிறார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி அவருடைய பையனைக் கொண்டுபோய்விட்டது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்தில் கண்ணீரைத் துடைக்கிற வசனத்தைத்தான் எல்லாரும் அடிக்கோடிடுவோம். அந்த அக்காவின் பைபிளில் கோடு முதல் வசனத்தின் கீழ் இருக்கிறது: "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று." கடலை நம்பிப் பிழைக்கிற வீடு அது, இன்றைக்கும் அவர் புருஷன் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போகிறார். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வேதபண்டிதர்கள் அந்தச் சமுத்திரத்துக்கு வேறு விளக்கங்கள் சொல்வார்கள், சொல்லட்டும். அக்காவுக்கு அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று தெரியும்.

கண்ணீரைத் துடைப்பார் என்ற வசனத்தையும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். துடைப்பதற்குக் கண்ணீர் இருக்க வேண்டும். வாசல்வரை அழுதுகொண்டே வருகிறவர்களைத்தான் தேவன் அங்கே எதிர்பார்க்கிறார். நாம் ஏன் அவருக்கு முன்னாடியே அவசரப்பட்டுத் துடைக்கப் பார்க்கிறோம்?

அதனால், இனி இழவு வீட்டுக்குப் போனால் பக்கத்தில் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெபம்பண்ணுங்கள், பாடுங்கள். பதினாறாம் நாள் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பின பிறகு ஒரு தடவை போன் பண்ணுங்கள். பரலோகத்தைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள், அதைவிட நல்ல சேதி நம்மிடம் இல்லை. ஆனால் அதை வைத்து யார் வாயையும் அடைக்காதீர்கள்.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழ்ப்பாக்கம் போனேன். அங்கே புதுசாக இடம் ஏது? தாத்தாவின் கல்லறையைத் திறந்துதான் அம்மாவை வைத்தோம். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கத்தோலிக்கர்கள், சுண்ணாம்பு அடித்து சாமந்தி போட்டு வைத்திருந்தார்கள். எங்களுக்கும் இரண்டு மெழுகுவத்தி கொடுத்தார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. அப்பா தான் நனைந்தபடி மெழுகுவத்திக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் புரசைவாக்கம் தாண்டும்வரை அவர் பேசவில்லை. வளையல் கடை ஒன்றைத் தாண்டினோம். அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இப்ப இடது கைலயும் போட்டிருப்பா, இல்ல?"

"போட்டிருப்பாங்கப்பா" என்றேன்.