ரோஸ்ட்ஃப்ரை என்பது கம்பெனி பெயர் இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பழைய மடக்குக் கத்தியின் படம் சுற்றுகிறது. 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்த நம் முன்னோர் கொண்டுவந்ததாம், அதில் பொறித்திருக்கும் 'ரோஸ்ட்ஃப்ரை'தான் செய்த கம்பெனியாம், லட்சக்கணக்கான ராண்ட் பெறுமாம்.

ரோஸ்ட்ஃப்ரை என்று யாரும் இல்லை. ஜெர்மன் மொழியில் அதற்குத் 'துருப்பிடிக்காதது' என்று அர்த்தம். எந்த ஜெர்மன் அகராதியிலும் பார்த்துக்கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகு கத்திகளுக்கு வந்ததே 1913ஐ ஒட்டித்தான். ட்ரூரோ டர்பனுக்கு வந்ததோ 1860 நவம்பர் 16. கணக்கு உதைக்கிறது.

சரி, படத்தில் 'சோலிங்கன்' என்றும் இருக்கிறதே? அது ஜெர்மனியில் ஓர் ஊர். கத்திப் பட்டறைகளுக்கே பேர்போனது, ஆகவே அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. செய்தவரைக் காட்டுவது, அலகு பிடியோடு சேருமிடத்தில் அடித்திருக்கும் முத்திரைதான்: ஒரு பெயர், அல்லது மரம், விலங்கு மாதிரி ஒரு சின்னம். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதுவும் போய்விடும் (எங்கள் வீட்டுக் கத்திக்கு அப்படித்தான் ஆனது).

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.