மூணு மணி நேரமாம், மூணு மணி நேரம்!

மருத்துவ இன்சூரன்ஸில் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது பில்லைக் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டச் சொல்லிக் கேட்பதற்கு, ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல். 2024 மே மாதம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவு இது. அதைத் தாண்டினால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியே தன் பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நல்ல உத்தரவுதான். நேற்று அம்மாவின் டிஸ்சார்ஜுக்குக் காத்துக்கிடந்ததில் அதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

பித்தப்பைக் கல் ஆபரேஷன். அவசர கேஸ்கூட இல்லை. தேதி குறித்து, எல்லாப் பேப்பரும் கொடுத்து, பிரீ-ஆத் (கம்பெனியின் முன் ஒப்புதல்) வந்த பிறகுதான் அட்மிட் செய்தோம். காலை ரவுண்ட்ஸிலேயே டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மா புடவை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மதியம் சாப்பாடு வரவில்லை. கேட்டால், டிஸ்சார்ஜ் போட்டாச்சு சார், டயட் லிஸ்ட்டில் பேர் இல்லை என்கிறார்கள். சர்க்கரை நோயாளி, சாப்பிட்டு மாத்திரை போட வேண்டாமா? கேன்டீனுக்கு ஓடி இட்லி வாங்கி வந்தேன்.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் போய் நின்றால், "குவெரி வந்திருக்கு சார்." கம்பெனி தரப்பில் விளக்கம் கேட்கிறார்களாம். அம்மாவுக்கு எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று டாக்டர் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். அதே கடிதம் பிரீ-ஆத் ஃபைலிலேயே இருக்கிறதே! "தெரியும் சார், திரும்பக் கேட்கிறாங்க." டாக்டரோ தியேட்டருக்குள். அவர் வெளியே வந்து, எழுதி, சீல் வைத்து, இவர்கள் ஸ்கேன் செய்து அனுப்பினால், மூன்று மணி நேரம் அங்கிருந்துதான் ஆரம்பமாம். கஸ்டமர் கேரில் "ஹாஸ்பிட்டல் இன்னும் அனுப்பவில்லை." டெஸ்க்கில் "அனுப்பிட்டோம், டிபிஏதான் பார்க்கல." டிபிஏ என்றால் கம்பெனிக்காக இந்தக் கோரிக்கைகளைப் பார்க்கும் இடைநிலை நிறுவனம்.

இந்தக் குவெரியில்தான் எல்லா அநியாயமும் இருக்கிறது. கேட்க வேண்டியதையெல்லாம் பிரீ-ஆத் நேரத்திலேயே ஒரே தடவையில் கேட்டுத் தொலையுங்களேன்! ஒப்புதல் கொடுத்து, வயிற்றில் துளை போட்டுத் தைத்தும் ஆன பிறகு, கிளம்புகிற அன்றைக்குச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது? குவெரி போட்டால் நேரத்தை முதலிலிருந்து எண்ணக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லாதவரை இந்த உத்தரவால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒப்புதல் வந்தபோது இருட்டிவிட்டது. அதிலும் கையுறை, பஞ்சு, ஃபைல் சார்ஜ் என்று கழித்தது போக மீதி. கூடவே இன்னொரு நாள் அறை வாடகை, எங்கள் பில்லில்! இதை யார் கட்ட வேண்டும் என்று உத்தரவைக் காட்டிக் கேட்டேன். டெஸ்க்கில் இருந்த பொண்ணுக்குப் பதில் தெரியவில்லை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை ஆம்பட்ஸ்மேன் ஆபீஸுக்குத்தான்.

அப்புறம் அந்த பார்க்கிங்! ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் என்ன சினிமா பார்க்கவா வருகிறான்? பைக்குக்கு மணிக்கணக்கில் காசு வாங்குகிறார்கள். கேட்டால் "கான்ட்ராக்ட் சார்" என்கிறார்கள். அதற்கு யாரிடம் புகார் கொடுப்பது?