பள்ளிக்கூடத்துப் பொட்டல் யார் பங்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். காரைக்குடியிலிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு ஃப்ளெக்ஸ் இறக்கினார்கள். ஒன்றில் ‘ஊராட்சி வருவாய் பெருக நவீன வணிக வளாகம்’. மற்றதில் ‘பறிபோகும் பள்ளி நிலத்தை மீட்போம்’. ஒரே கடையில் அடித்து, ஒரே ஆட்டோவில் வந்து, வாடகையை இரண்டு கட்சிக்காரர்களும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். நம் ஊரில் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை.

இரண்டிலும் தலைவர்கள் படம் இருக்கிறது. ஒன்றியம், கிளை, இளைஞர் அணி என்று ஸ்டாம்ப் சைஸில் பதினைந்து முகங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தின் படம் மட்டும் இரண்டிலும் இல்லை.

வெளியூரில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஊருணிக்கு வடகரையில் இருக்கும் நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் போன வருஷம் இரண்டே பிள்ளைகள். டீச்சரே அந்த இரண்டு பேரையும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அங்கேயே மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்த வருஷம் சேர்க்கை பூஜ்யம். 2025 ஆகஸ்டில் பத்திரிகையில் வந்ததே, மாநிலத்தில் 207 அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை, நீலகிரியில் 17, சிவகங்கை மாவட்டத்தில் 16 என்று. அதை நான்தான் டீக்கடையில் சத்தமாகப் படித்தேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு ஏக்கருக்கு மேல் இடம் சும்மா கிடக்கிறது என்பது உறைத்த அடுத்த வாரம்தான் ஊரே பேச ஆரம்பித்தது.

பேசாமல் என்ன செய்வார்கள்? 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் எல்லாம் உள்ளே போய்விட்டன. மாநகராட்சி எல்லை இன்னும் நம் ஊர் வரை வரவில்லை, விலை வந்துவிட்டது.

இந்த இடம் பள்ளிக்கூடமான கதையை எங்கள் அப்பத்தா சொல்லும். நிலம் கொடுத்த செட்டியார் பர்மாவில் கடை வைத்திருந்தவர். 1942இல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்களில் அவரும் ஒருவர். பதினைந்து வருஷம் கழித்து, காமராசர் ஆட்சியில், மதிய உணவு தொடங்கிய கையோடு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன அல்லவா? நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காலம். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், கட்டடம், நிலம் என்று முடிந்ததை ஊர்க்காரர்களே பள்ளிக்குக் கொடுத்தார்கள். அந்த அலையில்தான் இவரும் ஊருணிக்கரை மேட்டைக் கொடுத்தார். தன் வீட்டில் மிஞ்சிக் கிடந்த பர்மா தேக்கில் ஒரு நிலைக்கதவும் நான்கு தூண்களும் கொடுத்தார். இதே காரைக்குடி மண்ணில் பத்து வருஷம் முன்னால் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேருவை வரவழைத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்ட வைத்திருந்தார். கொடுப்பதில் ஒரு போட்டியே இருந்த காலம் அது.

ஆனால் அப்பத்தா கதையை அங்கே நிறுத்தாது. எங்கள் தாத்தா கொத்தனார். பெரிய வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுவருக்குக் கண்ணாடிப் பூச்சுப் பூசியவர். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துக்கும் அவர்தான் சுண்ணாம்பு அரைத்துப் பூசினார், கூலி இல்லாமல். காலனியிலிருந்து ஆம்பளைகள் கல் சுமந்தார்கள், பொம்பளைகள் ஊருணித் தண்ணீர் சுமந்தார்கள். அவர்களுக்கு மதியம் ஒரு வேளைச் சோறு, அவ்வளவுதான். கல்வெட்டில் செட்டியார் பேர் இருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தவன் பேரை எந்தக் கல்லில் வெட்டுவார்கள்?

அந்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பையன்கள் இறந்துபோனார்கள். அதன்பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். நியாயமான உத்தரவு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் ஊரிலும் வந்தார்கள், இடித்தார்கள், ஏலம் விட்டார்கள். ஏலப் பட்டியலில் தேக்கு என்ற சொல்லே கிடையாது. ‘பழைய மரச் சாமான்’ என்று ஒரே வரி. பழம்பொருள் கடைகளில் அந்த மாதிரி ஒரு நிலைக்கதவுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் நிற்பது எஸ்.எஸ்.ஏ. என்கிற அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் கட்டிய இரண்டு அறையும், சத்துணவுக் கூடமும், வேப்பமரமும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. மகன்களுக்குக் கல்யாணம் ஆக ஆக, வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை. அறை அவரவருக்கு, முகப்பு, பட்டாலை என்கிற கூடம், முற்றம் எல்லாருக்கும். மூன்று தலைமுறை போனால் ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்கு. ஒரு பங்காளி சிங்கப்பூரில் இருப்பார், ஒருவர் கோயம்புத்தூரில் இருப்பார், இரண்டு பேர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஓடு மாற்றக்கூட அத்தனை பேரையும் கேட்க வேண்டும். இதனால் இடிந்து விழுந்த வீடுகளும் உண்டு, இதனாலேயே விற்கப்படாமல் நிற்கிற வீடுகளும் உண்டு. எப்படியோ, ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டு முற்றத்தைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஊருக்கே பங்கு உள்ள பள்ளிக்கூடத்தின் நிலைக்கதவு மட்டும் ஒற்றைக் கையெழுத்தில் லாரி ஏறிவிட்டது.

இப்போது நிலத்துக்கு வருவோம். எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டை இணையத்தில் தட்டிப் பார்த்தேன். பெரிய துண்டு ‘அரசு புறம்போக்கு, பள்ளிக்கூடம்’ என்று இருக்கிறது. ரோட்டை ஒட்டிய துண்டு, நாம் கபடி விளையாடிய பொட்டல், தனி உட்பிரிவாகச் செட்டியார் மகன் பெயரில் பட்டாவாக இருக்கிறது. எண்பதுகளில் யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது அனுபவத்தில் யார் இருக்கிறார்கள் என்று சரியாகப் பார்க்காமல் கொடுத்த குடும்பத்தின் பெயரையே ஏற்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இந்த மாதிரி யூ.டி.ஆர். தவறுகளோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்காத கிராமம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? ஆக, ஒரு தரப்பு கையில் ஒரு நகல், இன்னொரு தரப்பு கையில் பக்கத்து உட்பிரிவின் நகல். இரண்டு பேரும் ‘ஆவணம் இருக்கு’ என்று மைக்கில் சொல்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் வம்பு.

அடிப்படையான காகிதம் தானப் பத்திரம். அதை இதுவரை ஒருவரும் கண்ணில் காட்டவில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882இல் எழுதியது. அதன் 123ஆவது பிரிவுப்படி அசையாச் சொத்தைத் தானம் கொடுத்தால் அது பதிவான பத்திரமாக, இரண்டு சாட்சிகளோடு இருக்க வேண்டும். 126ஆவது பிரிவுப்படி, கொடுத்தவர் மனசு மாறியதற்காகத் தானம் ரத்தாகாது. ‘இன்னது நடந்தால் திரும்ப வரும்’ என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனை இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். அதனால், ‘பள்ளிக்கூடம் நடக்கும் வரை’ என்று பத்திரத்தில் ஒரு வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. இணையத்தில் வில்லங்கம் பொதுவாக 1975 வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் தேட வேண்டும். இரண்டு ஃப்ளெக்ஸ் அடித்த காசில் நூறு வருஷத்துக்குத் தேடியிருக்கலாம்.

செட்டியாரின் பேரன், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு ஊருக்கு வந்திருந்தபோது நேரில் பேசினேன். மரியாதையான மனிதர். “தம்பி, எங்க ஐயா இடத்தைப் படிப்புக்குத்தான் கொடுத்தாக. கடை கட்டவா கொடுத்தாக? பள்ளிக்கூடம் நடக்கலைன்னா எங்ககிட்ட திருப்பிக் கொடுத்துர வேண்டியதுதானே?” என்றார். முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. இரண்டாவது பாதியில்தான் எனக்குத் தாத்தாவின் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. “ஐயா, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். கல் சுமந்ததை யார்கிட்ட திருப்பிக் கொடுக்கிறது?” என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. பக்கத்துப் பெரிய வீட்டை ஹோட்டலாக்கியவர்களுக்குக் கார் நிறுத்த இடம் தேவைப்படுகிறது என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அவரிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை.

வணிக வளாகம் கேட்பவன் என் கூட மூன்றாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்தவன். “மாப்ள, பன்னெண்டு கடை, மாசாமாசம் ஊராட்சிக்கு வாடகை. தெருவிளக்குக்குக்கூட காசில்லாமக் கிடக்குல்ல?” என்கிறான். தெருவிளக்குக்குக் காசில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பஸ் ஸ்டாப் பக்கம் ஏற்கெனவே கட்டிய ஆறு கடைகளில் நான்கு பூட்டிக் கிடக்கின்றன. எதிரணி ஆட்களோ, தாங்கள் ஆட்சியில் இருந்தபோது இதே பொட்டலில் கல்யாண மண்டபம் கட்ட ஆள் வைத்து அளந்தவர்கள். நானே டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். இப்போது நிலத்தை மீட்கிறார்களாம்!

இதைவிடக் கவலையான விஷயம் வேறு. நம் ஊராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகு அரசு நியமித்த தனி அலுவலர்தான். கெட்டவர் என்று சொல்லவில்லை. நாளைக்கு மாறுதலில் போய்விடுவார். நிலத்தின் வகையை மாற்றுவது மாதிரி, திரும்பி வரவே முடியாத ஒரு முடிவை, நாம் ஓட்டுப் போட்ட ஒருத்தர்கூட நாற்காலியில் இல்லாத நேரத்தில் எடுக்கவே கூடாது. கட்சிக்காரர்களுக்கு இந்த அவசரம் ஏன் என்று யோசியுங்கள்.

சரி, இவ்வளவு பேசுகிற நீ உன் பிள்ளையை எங்கே சேர்த்தாய் என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில். காலை ஏழேகாலுக்கு மஞ்சள் வேன் வரும். நான் அந்தப் பொட்டலைத் தாண்டித்தான் மகளைக் கொண்டுபோய் ஏற்றிவிடுவேன். என் தம்பி மகனுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்தக் கட்டணத்தை அரசாங்கமே தரும் ஏற்பாடு. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதிதான். என்ன விசித்திரம் பாருங்கள்! கடைசி வரைக்கும் இந்தப் பள்ளிக்கு வந்தவர்கள் காலனிப் பிள்ளைகள்தான், வேனுக்குக் கட்டக் காசில்லாதவர்கள். அந்த இரண்டு பேரும் இப்போது கண்மாய்க் கரை மேல் நடந்து பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். மழைக்காலத்தில் கரை எப்படி வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளியைப் பூட்டியதில் ஃப்ளெக்ஸில் இருக்கும் பதினைந்து முகங்களுக்கு எவ்வளவு பங்கோ, எனக்கும் அவ்வளவு பங்கு.

என் கருத்து இதுதான். விற்கவும் வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், கான்கிரீட் போட்டு மூடவும் வேண்டாம். வருவாய்த் துறைப் பதிவில் ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும். நம் அங்கன்வாடி கோவில் மண்டபத்து ஓரத்தில், தகரத்துக்குக் கீழே, பதினான்கு குழந்தைகளோடு நடக்கிறது. அதை நாளைக்கே அந்த எஸ்.எஸ்.ஏ. கட்டடத்துக்கு மாற்றலாம். செலவு ஒரு வெள்ளையடிப்பும் ஒரு தண்ணீர்க் குழாயும். அந்தப் பதினான்கில் ஐந்தாறு பேர் இரண்டு வருஷத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள். பிள்ளைகள் இருந்தால் மறுபடி திறக்கச் சொல்லி நாம் கேட்கலாம். பொட்டலில் பன்னிரண்டு கடை கட்டிவிட்டால் யாரிடம் போய் எதைக் கேட்பது? காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்துவிட்டது. நம் காலனி வீடுகளில் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! சாயங்காலத்தில் ஒரு அறையை வாசகசாலையாக விடலாம். வாடகை வருமானம் வேண்டுமென்றால் முதலில் அந்தப் பூட்டிய நான்கு கடைகளுக்கு ஆள் பிடிக்கட்டும்.

இது நடக்காமலும் போகலாம். பதினான்கு பேரும் மஞ்சள் வேனில் ஏறிவிடலாம். ஏறினாலும் இடம் இடமாக இருக்கும். வேப்பமரத்தடியில் இன்னும் பத்து வருஷம் கபடி ஆடட்டும், என்ன கெட்டுப்போகிறது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்தைத் தேடச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டேன். இடித்த ஏலத்தின் கோப்பைக் கேட்டு, பத்து ரூபாய் வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்திலும் எழுதிவிட்டேன். நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் வைக்கச் சொல்லி நாற்பது கையெழுத்து சேர்ந்திருக்கிறது. அதில் வணிக வளாகக்காரனின் அம்மா கைநாட்டும் ஒன்று, அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 1957க்குப் பிறகு நம் பள்ளியில் படித்தவர்கள் வீட்டில் பழைய டி.சி. இருந்தால் தேடுங்கள். பீரோவில், இரும்புப் பெட்டியில், பத்தாயத்து இடுக்கில், எங்கேயாவது கிடக்கும். மேலே பள்ளியின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, செட்டியார் பெயரோடா, போர்டு ஸ்கூல் என்றா, ஊராட்சி ஒன்றியம் என்றா என்று பார்த்து எனக்கு இன்பாக்ஸில் படம் அனுப்புங்கள். அப்பாவுடையது கிடைத்துவிட்டது, ஆனால் பெயர் இருக்கிற மூலையைக் கரையான் தின்றுவிட்டது.