ஆடி, தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை

ஆடி பிறந்தால் போதும், மதுரை எரிந்த ஆண்டு இதுதான் என்று யாராவது ஒரு பஞ்சாங்கக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆதாரம், சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் சொல்லும் மூன்று வரி:

"ஆடித் திங்கள் பேரிருட் பக்கத்து
அழல்சேர் குட்டத்து அட்டமி ஞான்று
வெள்ளி வாரத்து ஒள்ளெரி உண்ண"

பேரிருட் பக்கம் என்பது தேய்பிறை; அழல்சேர் குட்டம் என்பது கார்த்திகை நட்சத்திரம். தேய்பிறை அட்டமியில் சந்திரன் சூரியனுக்கு 264 முதல் 276 பாகை முன்னே நிற்கும். கார்த்திகை தொடங்குவது மேஷம் 26 பாகை 40 கலையில். கழித்துப் பாருங்கள்: சூரியன் கடகத்தில் 20 பாகை 40 கலையைத் தாண்டியிருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய ஆடி 22க்குப் பிறகு. ஆடியில் கார்த்திகை தேய்பிறை அட்டமிக்கு முன் வரவே வராது, ஏகாதசியைத் தாண்டியும் போகாது. பாட்டு தொட்டிருப்பது அந்த அட்டமி விளிம்பை. வானம் தெரிந்தவர் எழுதிய வரி, சந்தேகமில்லை.

ஆனால் இந்தச் சேர்க்கை சுமாராக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்துவிடும். வெள்ளிக்கிழமையும் கூடவேண்டும் என்றாலும் ஒரு நூற்றாண்டில் பல தரம் அமையும். பஞ்சாங்கக் கணக்கில் பேர்பெற்ற எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை இந்தக் குறிப்பையும் வைத்துத்தான் கி.பி. 756க்கு வந்தார். அவர் பெரிய கணக்கர்தான். ஆனாலும் ஓர் ஆண்டைப் பிடித்து நிறுத்த இந்த வரி மட்டும் போதாது.

இதில் உண்மையில் வாய் திறப்பது கிழமைதான். கிழமையோடு நாள் குறித்த மிகப் பழைய இந்தியக் கல்வெட்டாகச் சொல்லப்படுவது குப்த மன்னர் புத்தகுப்தர் கால ஏரண் கல்வெட்டு, கி.பி. 484. ஆகவே 'வெள்ளி வாரம்' எரிந்த நாளைக் காட்டுவதைவிட எழுதியவர் காலத்தைத்தான் அதிகம் காட்டுகிறது என்பது என் கட்சி.

தீயைப் பார்க்க வேண்டுமா? கட்டுரை காதைக்கு முந்தின அழற்படு காதைக்குப் போங்கள். ஊரே சாம்பல் என்று மேடையில் முழங்குகிறோமே, பாட்டில் தீ தெருப் பார்த்துப் போகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிடு என்று அதற்கும் முந்தின காதையான வஞ்சினமாலையிலேயே கண்ணகி தீயை ஏவிவிட்டாள். அதன்படி அறவோர் பக்கம் சுடர் எட்டவில்லை. மறவோர் சேரியில் மண்டுகிறது. கூலக்கடைத் தெரு, அதாவது தானியக்கடைத் தெரு, கலங்குகிறது. கறவையும் கன்றும் ஆயர் தெருவுக்குப் போய்ச் சேர்கின்றன. யானையும் குதிரையும் மதிலுக்கு வெளியே.

பஞ்சு மெத்தையில் தூங்கும் பிள்ளைகளை எழுப்புகிறார்கள். மழலை மாறாத, இன்னும் குறுநடை நடக்கும் பிள்ளைகள். நரைத்த தலைக் கிழவிகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறார்கள்.