கட்டிலருகே ஓர் ஆள் குறைந்தால்

பதினேழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. டாக்டரின் கையெழுத்தை வைத்துக்கொண்டு இது 0.5-ஆ 5-ஆ என்று பார்மசிக்குப் போன் போட்ட இரவுகள் எத்தனையோ. ஒரு புள்ளி கண்ணில் படாவிட்டால் மருந்து பத்து மடங்காகிவிடும். திரையில் அச்செழுத்தில் வந்தால் அந்தப் பயம் இல்லை.

ஆனால் இப்போது கேஸ் ஷீட்டிலும் எழுதுகிறோம், அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறோம். இரண்டு சிஸ்டர் இருக்கும் நைட்டில் ஒருவர் என்ட்ரி போட உட்கார்ந்துவிட்டால் நாற்பது கட்டிலுக்கு மிச்சம் ஒரே ஆள். இதைச் சொன்னால் "உங்களுக்குப் பழகவில்லை சிஸ்டர்" என்கிறார்கள். பழக்கத்தில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்ததை இங்கே முடிவெடுப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். 2002 அக்டோபரில், வெறும் 6 நாளில், மருந்து ஆர்டர் முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆபத்தான நிலையில் அங்கே அனுப்பப்பட்ட குழந்தைகளின் கணக்கை அங்குள்ள டாக்டர்களே எடுத்து 2005-ல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு மாறுவதற்கு முந்தைய 13 மாதத்தில் 1,394 பேரில் 39 பேர் இறந்திருந்தார்கள். பிந்தைய 5 மாதத்தில் 548 பேரில் 36 பேர். 2.80 சதவீதம் 6.57 ஆகிவிட்டது.

அவர்கள் சொன்ன காரணங்களைப் படித்தபோது எங்கள் வார்டே கண்முன் வந்தது. முன்பெல்லாம் குழந்தை வழியில் இருக்கும்போதே ஆர்டர் எழுதி மருந்தைத் தயாராக வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு குழந்தை வந்து சேர்ந்து, பதிவான பிறகுதான் ஆர்டரே போட முடிந்தது. சில நொடியில் எழுதியதைத் திரையில் போட ஒன்றிரண்டு நிமிடம். ஐ.சி.யு.விலேயே இருந்த மருந்துகளும் மையப் பார்மசிக்குப் போய்விட்டன. டாக்டரும் நர்ஸும் குழந்தையை விட்டுத் திரைப்பக்கம் போக வேண்டியிருந்தது. 5 மாதக் கணக்கு போதாது என்று அந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும். அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் வார்டில் நின்றவர்களுக்குப் புரியும்.

அதே மென்பொருள்தான் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போனது. அங்கே ஐ.சி.யு.வில் அடிக்கடி தேவைப்படும் ஆர்டர்களை முன்கூட்டியே தொகுப்பாக அமைத்துக்கொண்டார்கள். இறப்பு கூடவில்லை. அப்புறம் ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனை 2007-ல் கம்ப்யூட்டர் ஆர்டருக்கு மாறியது. மாதச் சராசரி இறப்பு விகிதம் 20 சதவீதம் குறைந்ததாக 2010-ல் எழுதினார்கள். ஆக, கம்ப்யூட்டரால் உயிர் காக்கவும் முடிகிறது. வார்டு வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று தெரிந்து அதை வைத்தார்களா என்பதுதான் எனக்குக் கேள்வி.

எங்கள் வார்டில் அது வருவதற்கு முன் ஒரு நர்ஸிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை என்ட்ரி ஏறியது என்று மாதாமாதம் அறிக்கை போகிறது. வலி என்று கூப்பிட்ட நோயாளிக்கு ஊசி போக எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் குறித்துக்கொள்வதில்லை.

அடுத்து கம்ப்யூட்டரில் ஒரு புதிய மாட்யூல், அதாவது மென்பொருளின் கூடுதல் பகுதி, வருகிறதாம். அதை எழுதுபவர்கள் ஒரே ஒரு முழு நைட் டியூட்டி எங்களோடு நிற்கட்டும். கேஸ் ஷீட்டா, திரையா, இரண்டில் எது வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்து, மற்றதை எங்கள் கையிலிருந்து எடுத்துவிடட்டும்.