டிரவுட் வண்டி வரும் நாள்

தென் கலிபோர்னியாவில் குளிர் தொடங்கியதும் எங்கள் பக்கத்து ஏரிக்கு டிரவுட் வண்டி வர ஆரம்பிக்கும். பண்ணையில் வளர்த்த ரெயின்போ டிரவுட் மீன்களை ஆக்சிஜன் ஓடும் தொட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பெரிய குழாய் வழியாக ஏரிக்குள் இறக்குவார்கள். எந்த ஏரியில் எந்த வாரம் மீன் விடுவார்கள் என்று மாநில மீன்வளத் துறையே அறிவித்துவிடுகிறது. அதனால் அந்த வாரம் கரையில் இடம் பிடிக்க இருட்டோடு கிளம்ப வேண்டும். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பிளாஸ்க்கில் காபி. நானும் என் மகளும் ஆறு வருடமாக அந்தக் கூட்டத்தில் இருக்கிறோம். எனக்கு மிகப் பிடித்த காலைப்பொழுதுகள் அவை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத நினைக்கிறேன்.

கரையில் எங்களுக்கு அடுத்தபடியாக நிற்பது பெரிய நீல நாரை. உறுமீன் வரும்வரை வாடி நிற்கும் கொக்கைப் பற்றிப் பள்ளியில் படித்தோம். இந்த நாரைக்கு வாட வேண்டிய தேவையே இல்லை. பண்ணை மீன் சிமெண்டுத் தொட்டியில் வளர்ந்தது. தலைக்கு மேல் நிழல் விழுந்தால் தீனி விழும் என்றே அதற்குத் தெரியும். ஏரிக்கு வந்த பிறகும் நிழலைக் கண்டு ஓடாமல் பக்கத்தில் வரும். அப்புறம் நீர்க்காகங்கள் கூட்டமாக முங்கும். மேலே விராலடிப்பான் கழுகு சுற்றும். மகள் தன் முதல் டிரவுட்டைக் கையில் பிடித்தபோது, "அப்பா, இதோட துடுப்பெல்லாம் ஏன் தேஞ்சு போயிருக்கு?" என்று கேட்டாள். தொட்டியின் சிமெண்டில் உரசித் தேய்ந்தது. அன்று அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தண்ணீருக்கு அடியிலும் பந்தி நடக்கிறது. 1959-இல் புளோரிடாவிலிருந்து லார்ஜ்மவுத் பாஸ் மீன்களைக் கொண்டுவந்து சான் டியாகோ பக்க நீர்த்தேக்கங்களில் விட்டார்கள். நம் ஊர் விரால் மாதிரி மறைந்திருந்து பாயும் மீன். அதற்கு, குளிர்காலம் முழுக்க முள் குத்தாத, கொழுப்பு நிறைந்த, பயமறியாத டிரவுட் லாரியில் வந்து இறங்கினால் என்ன ஆகும்? 2006 மார்ச்சில் எஸ்கான்டிடோ ஊரின் டிக்ஸன் ஏரியில் ஒரு பாஸ் மாட்டியது. கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ். 1932-இல் ஜார்ஜியாவில் பிடிபட்ட உலக சாதனை மீனே 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான். ஆனால் தூண்டில் முள் வாயில் ஏறாமல் உடம்பின் வெளிப்பக்கம் ஏறியிருந்ததால், பிடித்தவர்கள் சாதனை கோராமல் அதைத் திரும்ப விட்டுவிட்டார்கள். அந்த நேர்மையை நான் இன்றும் மதிக்கிறேன். 'டாட்டி' என்று பெயர் வைக்கப்பட்ட அந்த மீன் இரண்டு வருடம் கழித்து அதே ஏரியில் செத்து மிதந்தது. இன்றும் இங்கே பெரிய பாஸுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் டிரவுட் வடிவில் செய்த பெரிய ரப்பர் மீனைத்தான் வீசுகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்து ஏரிக்கரையில் ஒரு பேச்சு அடிக்கடி கிளம்பும். "நாம லைசென்ஸ் காசு கட்டறோம், இந்த நீர்க்காகம் வந்து தின்னுட்டுப் போகுது. இதைச் சுட அனுமதிக்கணும்." எனக்கு இதைக் கேட்டால் மனசு ஆறாது. அந்தப் பறவை ஒரு தவறும் செய்யவில்லை. மீனைக் கொட்டியது நாம். ஓடத் தெரியாத மீனை வளர்த்ததும் நாம். இலை போட்டுப் பரிமாறிவிட்டு, சாப்பிட வந்தவனைத் திருடன் என்று சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டிரவுட் எடுக்கலாம் என்று எங்களுக்குச் சட்டம் இருக்கிறது. நாரைக்கும் ஒரு பங்கு போகட்டும்.

ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்த்தேக்கத்தைப் பொறுத்தவரை எனக்கு மீன் விடுவதில் ஆட்சேபம் இல்லை. ஏரியே நாம் அணை கட்டி உண்டாக்கியது. பாஸ் நாம் கொண்டுவந்தது. டிரவுட் நாம் கொட்டுவது. கார் இல்லாத குடும்பம்கூட பஸ் பிடித்துப் போய் ஒரு மீன் பிடித்து வறுத்துத் தின்ன முடிகிறது. அது நல்ல விஷயம்தான்.

என் சண்டை மலை ஏரிகளைப் பற்றியது.

சியரா நெவாடா மலையின் உச்சிப் பகுதியில் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. கீழேயிருந்து மீன் ஏறி வர முடியாதபடி அருவிகள் தடுத்ததால், அவற்றில் பெரும்பாலானவற்றில் முன்பு மீனே கிடையாது. அப்போது அங்கே தவளைதான் ராஜா. மஞ்சள் கால் மலைத் தவளை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவேறு கழுதை முதுகில் பால் கேன்களைக் கட்டி டிரவுட்டை மேலே கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்தில் பறந்துபோய் மேலிருந்தே மீன் குஞ்சுகளை ஏரிகளில் கொட்டினார்கள்.

இந்தத் தவளையின் தலைப்பிரட்டை ஒரே மழைக்காலத்தில் வளர்ந்து கரையேறும் ரகம் இல்லை. அந்தக் குளிரில் அது தவளையாக மாற இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு வருடம்கூட ஆகும். அத்தனை வருடமும் அது அடிவரை உறையாத ஆழமான ஏரியில் இருந்தாக வேண்டும். தலைப்பிரட்டையைத் தின்னும் டிரவுட் பிழைப்பதும் அதே ஆழமான ஏரியில்தான். ஒளிய வேறு இடமில்லை. பிறகு கைட்ரிட் என்ற பூஞ்சை நோயும் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் அந்த மலையில் எங்கே பார்த்தாலும் இருந்த தவளை, தன் பழைய வாழிடத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் மறைந்து, 2014-இல் அழியும் நிலையில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தவளையைத் தின்று வாழ்ந்த பாம்பும் குறைந்தது. ஏரியிலிருந்து கிளம்பும் மேஃபிளை பூச்சிகளை டிரவுட் புழுப் பருவத்திலேயே தின்றுவிடுவதால், அவற்றைத் தேடி வரும் ரோஸி ஃபிஞ்ச் என்ற மலைச் சிட்டுகளும் மீன் உள்ள ஏரிகளுக்கு அதிகம் வருவதில்லை.

டிரவுட்டை விட்டால் பின்னாடியே யார் யார் வருகிறார்கள் என்று நாம் கரையில் நின்று பார்க்கிறோம். யார் கிளம்பிப் போனார்கள் என்று பார்க்க, மீன் வருவதற்கு முன்பே அங்கே யாராவது நின்றிருக்க வேண்டும். நம் நீலகிரிக்கும் இதே ரெயின்போ டிரவுட்தான் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்து, தங்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காக மலை ஓடைகளில் விட்டார்கள். அவலாஞ்சிக்குச் சுற்றுலா போய் அந்தத் தொட்டிகளைப் பார்த்துக் கைதட்டியவன்தான் நானும். அந்த ஓடைகளில் இருந்த தவளைகளை அன்று நினைக்கவே இல்லை.

சியராவில் இதைத் திருத்த முடியும் என்று காட்டியும் விட்டார்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மீன் விடுவது 1991-இல் நின்றது. கிங்ஸ் கேன்யனில் சில ஏரிகளில் வலை போட்டு டிரவுட் முழுவதையும் எடுத்தார்கள். சில வருடங்களிலேயே தவளைகள் பெருகின. பூஞ்சையைத் தாங்கிப் பிழைத்த தவளைகளை வேறு ஏரிகளுக்குக் கொண்டுபோய் விட்டதிலும் பலன் கிடைத்திருக்கிறது. "வலை போட்டு மீனைக் கொல்வது பாவமில்லையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020-இல் ஒரு பாக்டீரியா தொற்றால் கலிபோர்னியாவின் மூன்று பண்ணைகளில் முப்பத்திரண்டு லட்சம் டிரவுட்டைக் கொன்று அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அதை நினைத்து ஏரிக்கரையில் யாரும் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. குளிர்காலத்துக்கு மீன் வருமா என்றுதான் எல்லோரும் கேட்டோம்.

ஊர் ஏரிக்கு வண்டி வரட்டும். மலை ஏரிகளில் இனி ஒரு குஞ்சும் விட வேண்டாம். முடிந்த இடத்தில் இருப்பதையும் எடுக்கட்டும். என் லைசென்ஸ் காசு அந்த வலைக்குப் போனால் எனக்குச் சந்தோஷம்.

போன ஜூலையில் டிரவுட் எடுக்கப்பட்ட ஓர் ஏரிக்கு மகளோடு ஏறிப் போனேன். தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டோம். கரைப் பாறைகளில் வெயில் காய்ந்துகொண்டிருந்த தவளைகள் நாங்கள் நடக்க நடக்க ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதித்தன. பாறையில் குப்புறப் படுத்து எண்ண ஆரம்பித்தவள் நாற்பதைத் தாண்டியதும் கணக்கை விட்டுவிட்டாள். தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள் கறுப்பாக, என் கட்டைவிரல் பருமனில் கிடந்தன. "இதெல்லாம் எப்போப்பா தவளையாகும்?" என்றாள். "நீ எட்டாவது போகும்போது" என்றேன்.